பட்டையில் நின்ற விரிசல்

சுரபாயா விமானப் பழுதுபார்ப்புக் கொட்டகையில், காலையில் வந்திறங்கிய விமானத்தின் உட்சுவரில் வினார்னி டார்ச் அடித்துப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே கிளம்பிய விரிசல் ஒரு சாண் தூரம் ஓடி, குறுக்கே ரிவெட் ஆணிகளால் அடித்திருந்த உலோகப் பட்டையில் முட்டி நின்றிருந்தது.

“இந்தப் பட்டை மட்டும் இல்லேன்னா நடுவானத்துலயே பிஞ்சிருக்கும்க்கா!” என்றான் கூட வேலை பார்க்கும் குனாடி. “முன்னெல்லாம் இந்த இடத்துல பட்டையே கிடையாதாமே. யாரு புண்ணியத்துல வந்துச்சு?”

“என் வீட்டுக்காரராலதான்.”

“அடேங்கப்பா, இஞ்சினியரா? சொல்லவே இல்லியே! நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. வயிறு முட்ட ரவோன் சூப்பு, என் செலவு.”

வினார்னி விரிசலை அளந்து குறித்துக்கொண்டாள்.

“அவரு பள்ளிக்கூட வாத்தியாருப்பா. ஏழு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி விமானத்துல போனாரு. இதே இடத்துல விரிசல் விட்டுச்சு. அது நிக்கல. யாருமே திரும்பி வரல. அதுக்கப்புறம்தான் எல்லா விமானத்துலயும் பட்டை வைக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு.”

குனாடி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

“இதுல வந்தவங்கல்லாம் வீடு போய்ச் சேர்ந்துட்டாங்களா?” என்று கேட்டாள்.

“எல்லாரும் போயிட்டாங்கக்கா.”

அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள்.