வேலூர் வெயிலுக்குத் தோதான ஜன்னல்

வேலூர் வெயிலுக்கு இதுதான் தோது என்று கடையில் ஏகாம்பரத்தின் தலையில், ஜன்னலைத் தானே திறந்து மூடும் ஒரு கருவியைக் கட்டிவிட்டார்கள். வெளியைவிட வீட்டுக்குள் சூடு அதிகமானால்தான் அது ஜன்னலைத் திறக்கும். மே மாதத்தில் அதற்கு ஒரே வழி, மனைவியோடு சண்டை.

“ரசமா இது, கை கழுவின தண்ணியா?” என்பார் தினமும். கனகவல்லி கத்துவாள். ஜன்னல் திறக்கும். இருவரும் காற்று வாங்குவார்கள்.

ஒரு நாள் வாய் தவறி, செத்துப்போன அவள் தம்பியைச் சண்டையில் இழுத்துவிட்டார். அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். மூடிய ஜன்னலுக்கும் அவளுக்குமாக நடந்து நடந்து அவருக்கு மூச்சு முட்டியது.

“தப்புதான் கனகு. எதுனா திட்டேன்!”

“எந்த மூஞ்சிய வச்சினு கேக்கறே?”

ஜன்னல் விரலளவு திறந்தது. அவளுடைய நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, “இன்னும் திட்டு” என்றார்.