நெஞ்சு சுத்தம்

கண்ணாடி மூடிக்குள் இரண்டு நுரையீரல்களும் தனியே மூச்சு விடுகின்றன. நாலு நாள் முன்பு வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவனுடையவை அவை; வேறொருவருக்குப் பொருத்தத் தானமாக எடுத்தவை. அவனுடைய இதயம் நின்று மூன்று மணி நேரமாகிறது; உடம்பு பக்கத்து அறையில் வெள்ளைத் துணிக்கடியில் கிடக்கிறது. இயந்திரம் காற்றைத் தள்ளும்போதெல்லாம் இவை விளக்கொளியில் ஈரமாய் மின்னி, விம்மித் தணிகின்றன. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கின்றன. அறுவை மருத்துவர் கையுறை விரல்களால் ஓரங்களை மெல்ல அழுத்திக்கொண்டே வருகிறார். ஓரிடத்தில் விரல் நிற்கிறது. பஞ்சுபோல் அமுங்கவேண்டிய இடத்தில் நெருநெருவென்று மணல். காற்றுக்குழாயைக் கழற்றுகிறார். உடனே சுருங்கவேண்டிய நுரையீரல், உப்பியபடியே அடம்பிடிக்கிறது. "யாருக்கும் ஆகாது. நிறுத்திடுங்க" என்கிறார் நர்ஸிடம். அவர் வெளியே வந்ததும், பெஞ்சில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்த அவன் மனைவி எழுகிறாள். "யாருக்காவது பொருந்துச்சா டாக்டர்?" "இல்லம்மா. உள்ள பூரா கல்தூசி. அவருக்கு என்ன வேலை?" "கல் அறுக்குற பட்டறைல, பதினாலு வருஷமா. பீடியக் கூடத் தொட்டதில்ல." பையைத் துழாவி ஒரு தாளை நீட்டுகிறாள். போன மாதம் பட்டறை மருத்துவர் கொடுத்தது: நெஞ்சு சுத்தம், வேலைக்குத் தகுதி. ஊதா முத்திரை இன்னும் மங்கவில்லை. மருத்துவர் இரண்டு முறை படிக்கிறார். "இதப் பத்திரமா வச்சுக்கங்க" என்று திருப்பித் தருகிறார். அவள் அதை மடிக்காமல் பிடித்துக்கொண்டே நிற்கிறாள். "என் தம்பிக்கும் இதே மாதிரி ஒண்ணு குடுத்திருக்காங்க" என்கிறாள். "முந்தாநாள்லேர்ந்து இவரு எடத்துல அவன்தான் நிக்கிறான்."