துணைக்கு வந்தவர்

"சிரிக்காதீங்கண்ணே. சிரிச்சா உள்ள விடமாட்டாங்க."

முன்னால் நின்ற வெள்ளிச் சட்டைக்காரன் திரும்பி இப்படிச் சொன்னதும், சலூன்காரர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

பழைய அச்சகக் கட்டடம். பக்கவாட்டில், கீழ்த்தளத்துக்கு இறங்கும் இரும்புக் கதவு. பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே போட்டிருந்த பாட்டின் அதிர்வு செருப்பு வழியாகக் காலில் ஏறியது. பொழுது சாயவே இல்லை, அதற்குள் வரிசை தெருமுனையைத் தொட்டிருந்தது.

சலூன்காரருக்குப் பக்கத்தில் அவர் தங்கை. குளிருக்குக் கோட்டுப் பைகளில் கைகளை விட்டுக்கொண்டு, கதவையே பார்த்தபடி நின்றாள். சோபா உறை தைக்கும் கடையில் வேலை. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்றதற்குப் போனில் இந்த முகவரியைத்தான் காட்டினாள்.

"வேற என்ன கண்டிஷன் தம்பி?" சலூன்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"யாருக்குத் தெரியும்? நான் வர்றது மூணாவது தடவை. போன தடவை முழுக்கக் கறுப்பு போட்டு வந்தேன், திருப்பி அனுப்பிட்டாங்க. உள்ள போறவங்களக் கவனிங்க. ஒருத்தராவது வாயத் திறக்கறாங்களா? அதான் ஸ்டைல்."

"வாயத் திறக்காம நான் எப்படி உயிரோட இருக்கறது? என் தொழிலே பேச்சுதான். கத்திரி சும்மா கூட வரும்."

கதவருகே உயரமான ஸ்டூலில் மொட்டைத்தலைப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வெள்ளிச் சட்டையிடம் இரண்டு வார்த்தை பேசினாள். முடியாது என்று தலையாட்டினாள். அவன் தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு விலகினான்.

"வணக்கம்மா," சலூன்காரர் அவள் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தபடி ஆரம்பித்தார். "நானும் என் தங்கச்சியும்..."

"என் முகத்தப் பாத்துப் பேசுங்க."

சலூன்காரர் விறைப்பாக நிமிர்ந்தார். "ரெண்டு பேரும்மா. இவளுக்கு இன்னிக்குப் பிறந்தநாள்."

அந்தப் பெண் ஸ்டூலை விட்டு இறங்கி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்கையின் எதிரில் போய் நின்றாள். இருவருக்கும் நடுவே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. தங்கையின் முகம் பூவாய் மலர்ந்தது மட்டும் தெரிந்தது.

"இவங்க போகலாம். நீங்க இருங்க."

"அதெப்படிம்மா? நான் இல்லாம அவ எங்கயும் போனதில்ல. பேங்க், ஆஸ்பத்திரி, கடைகண்ணி எல்லா எடத்துலயும் அவளுக்காக நான்தான் பேசறேன்."

"அதனாலதான் விடல."

"புரியலம்மா."

"துணைக்கு வந்தவங்க உள்ள வந்தா, இவங்க மாதிரி ஆளுங்க அந்தத் துணைக்குப் பின்னாலயே ஒளிஞ்சுக்குவாங்க. நிறையப் பாத்துட்டேன்."

சலூன்காரர் பதில் யோசிப்பதற்குள் தங்கை படியிறங்கிப் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தெருவின் எதிர்ப்பக்கச் சுவரில் சாய்ந்திருந்த வெள்ளிச் சட்டை, அங்கே வந்த சலூன்காரருக்கு நகர்ந்து இடம் கொடுத்தான். "உங்க தங்கச்சி சாதாரணக் கோட்டுலதான் வந்தாங்க. எப்படிண்ணே விட்டாங்க?"

"அதுதான் எனக்கும் தெரியல." சலூன்காரர் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேற ஊர்ல பெரிய கம்பெனியில அவளக் கூப்பிடறாங்க. நல்ல வேலை. நான்தான் வேணாம்னேன். அங்க அவளுக்கு யார் இருக்கா? அவ சொல்றது முழுசாப் புரியற ஆள் இந்த உலகத்துலயே நான் ஒருத்தன்தான்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா. அதான் கேட்ட எடத்துக்கு உடனே கூட்டிட்டு வந்தேன்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உள்ள தனியா ஒரு மூலைல நின்னுட்டிருப்பா, பாவம்."

பொறுக்க முடியவில்லை. தெருவைக் கடந்தார். மொட்டைத்தலைப் பெண் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் படித்தாள். பிறகு கதவை அகலத் திறந்தாள்.

"பாருங்க. படியத் தாண்டக் கூடாது."

கீழே பாட்டு இடியாய் இடித்தது. தரை, சுவர், கைப்பிடிக் கம்பி எல்லாம் நடுங்கின. அந்த இரைச்சலைச் சட்டை செய்யாமல் அறுபது பேர் ஆடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். பேசுவதற்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கைகள்தான் ஓயாமல் பேசின. நடுவில் அவர் தங்கை. கூட்டமே அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த விரல்கள் சொன்னது படியில் நின்றவருக்கும் தெளிவாகப் புரிந்தது.

'வேலைக்கு வர்றேன்னு பதில் போட்டுட்டேன். அண்ணன்கிட்டதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல.'

சலூன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, வாசல்காரி முதற்கொண்டு யாருக்குமே காது கேட்காத அந்தக் கிளப்பின் படியில் நின்று, பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டறியாத தன் தங்கைக்கு இரண்டு கைகளையும் உயர்த்தி, "சொல்லிட்டே. சந்தோஷமாப் போயிட்டு வா" என்று விரல்களாலேயே பதில் சொன்னார்.