சீவாத பல்

அறுபத்திரண்டாம் வருஷத்து ஜூன் மழை. மட்டாஞ்சேரியின் சர்க்கார் அலுவலகம் ஒன்றில், ஜன்னல் வழியே சாம்பல் வெளிச்சமும் சுக்குக் கிட்டங்கியின் காரமும் சேர்ந்து நுழைகின்றன. குமாஸ்தா பிச்சுமணியின் மேசைக்கு இரண்டடி தள்ளி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள் வெள்ளச்சி. காடர் இனத்துக்காரி, மலையைவிட்டுக் கிட்டங்கி வேலைக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. பக்கத்தில் மகள் நீலி. பள்ளி விடுதியில் சேர அவளுக்குப் பழங்குடிச் சான்று வேண்டும். “காடர்னா பல்லைக் கூராச் சீவியிருப்பாளே, எங்கே காட்டு” என்கிறார் பிச்சுமணி. வெள்ளச்சி முந்தானையை இறக்குகிறாள். முள்போல் சீவிய முன்பற்களைப் பார்க்க அடுத்த மேசைக்காரர்கள் எழுந்து வருகிறார்கள், ஒருவர் சிரிக்கிறார். “சரி, நீ காடர்தான். இனி கொழந்தை காட்டட்டும்.” நீலி வாயைத் திறக்கிறாள். முழுசான, வரிசை குலையாத வெள்ளைப் பற்கள். “இவளுக்கு ஒண்ணும் இல்லையே! நான் எதை வச்சு எழுதறது?” “ஆளுகள் பார்த்துச் சிரிக்கும்னுட்டு நானாக்கும் சீவ விடாதது, சாரே” என்கிறாள் வெள்ளச்சி. பிச்சுமணி மனுவை அவள் கையில் தராமல் மேசையோரத்துக்குத் தள்ளுகிறார். ஓட்டின்மேல் மழை வலுக்கிறது. நீலி இன்னும் திறந்தே இருக்கும் வாயை, அம்மாவைப் போலவே, கையால் மூடிக்கொள்கிறாள்.