யூலானின் கன்னிப்பேச்சு

தைனான் நகரில் வட்டத் தலைவர் தேர்தலுக்கு நிற்கும் யூலானுக்கு மேடை என்றாலே உதறல். அன்று மாலை அவள் வீட்டு வாசலில் போட்ட மேடையைச் சுற்றித் தெருவே திரண்டு நின்றது.

“எவ்வளவு கூட்டம் பாத்தியா! நேரம் குறிச்சது யாரு?” என்று மீசையை முறுக்கினார் கணவர் வென்சுங்.

உச்சி குளிர்ந்த யூலான் முழங்கினாள். “நான் தலைவியானா...”

தெருக்கோடியில் குப்பை வண்டியின் பாட்டு ஒலித்தது. குப்பைப் பையும் கையுமாகக் காத்திருந்த கூட்டம் சிட்டாய்ப் பறந்தது.

“ஐயோ, நம்ம பை!” மைக்கைக் கணவர் கையில் திணித்துவிட்டு யூலானும் பையோடு ஓடினாள்.

வண்டி போனதும், “போச்சு, ஒருத்தரும் என் பேச்சைக் கேக்கலையே!” என்று அழாத குறையாகப் புலம்பினாள்.

பக்கத்து வீட்டு லின் அக்கா சிரித்தாள். “அடி போடி! இப்ப இருக்கற தலைவர் மைக்கைப் பிடிச்சா வண்டி போனாலும் விடமாட்டாரு. வீடெல்லாம் நாத்தம்! உனக்கு நிறுத்தத் தெரியுதே, எங்க ஓட்டு உனக்குத்தான்!”