சாணைக்கு முதலில் போன கல்

பியூலா ஆசைப்பட்டு வாங்கிய, கல் தீட்டும் சாணை இயந்திரம் வீட்டுக்கு வந்ததும், டப்பாவிலிருந்த சந்திரகாந்தக் கல் பதுங்கியது. "அவளுக்கு இன்னும் கை பழகவில்லை. என்னைப் பாழாக்கிவிடுவாள்."

"அப்படியானால் நான் போகிறேன்," என்றது ஆற்றில் பொறுக்கிய சிவப்புக் கல்.

பியூலா அதை எடுத்தாள். சக்கரத்தருகே கொண்டுபோய்த் தயங்கினாள். இயந்திரமும் தயங்கியது. "எனக்கும் இதுதான் முதல் வேலை. உன்னை உடைத்துவிட்டால்?"

"உடைந்தால் இரண்டு தோடாகிவிடுகிறேன். நீ சுற்று."

கல் உடையவில்லை. குமிழிபோலத் திரண்டு பளபளத்தது. ஒரு பக்கம் மட்டும் லேசாகச் சரிந்திருந்தது.

"இன்னொரு தடவை தேய்த்துச் சரிசெய்யட்டுமா?" என்று கேட்டது இயந்திரம்.

"வேண்டாம். நாளைக்கு என்னை மோதிரத்தில் பதித்து, 'நானே செய்தது' என்று எல்லாரிடமும் காட்டுவாள். அவர்கள் நம்ப வேண்டாமா?"