மூக்கில்லாத பஸ்

“நிறுத்துங்க, அந்த பஸ்ஸை நிறுத்துங்க!”

திரையிடும் அறையில் இருந்த ஏழு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். படம் அப்படியே உறைந்து நின்றது. விடுதலை நாள் ஊர்வலம். கொடியும் கையுமாகப் பெருங்கூட்டம். அதற்குப் பின்னால், ஓரமாக, முன்பக்கம் தட்டையாக ஒரு பஸ்.

“இந்த மாதிரி மூக்கில்லாத பஸ் நம்ம நாட்டுக்கு வந்ததே விடுதலைக்கு ஒன்பது வருஷம் கழிச்சுத்தான். இது அந்த ஊர்வலமே இல்லை. வேற ஏதோ கூட்டம்.”

சொன்னவள் துல்லியம்மா. அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் அவளுக்கு அதுதான் பெயர். இருபது வருடமாக வரலாற்று ஆவணப்படம் எடுக்கிறாள். ஒரு தேதி பிசகாது, ஒரு சட்டைப் பொத்தான் பிசகாது. பார்க்கிறவர்கள்தான் பாதியில் தூங்கிவிடுவார்கள்.

இந்தப் படத்தை எடுத்தவன் கணீர். குரலால் வந்த பெயர். வேலைக்கு வந்து மூன்றே வருடம். நாட்டின் வரலாற்றைத் தொடராக எடுக்கிறான். முதல் பாகம் போன ஞாயிறு சாயங்காலம் ஒளிபரப்பானது.

துல்லியம்மா வீட்டிலேயே, கணவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தார்.

“அடடா, என்னமா எடுத்திருக்கான்! நீயும் இந்த மாதிரி ஒண்ணு எடேன்” என்று வேறு சொல்லிவைத்தார்.

இதே கதையை நாலு வருடம் முன்னால் அவளும் எடுத்திருந்தாள். விடியற்காலை ஐந்தரைக்குப் போட்டார்கள். அலாரம் வைத்து எழுந்த அதே கணவர், தலைப்பு முடிவதற்குள் குறட்டை விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றிக்கொண்ட வயிறு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இன்றைக்கு இரண்டாம் பாகம் போட்டுக் காட்டுகிறார்கள் என்றதும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

நாற்பது நிமிடம் வரை ஒரு பிசகும் இல்லை. எரிச்சலாக வந்தது. படம் நன்றாகவே இருந்ததில் இன்னும் எரிச்சல். அப்போதுதான் தெய்வாதீனமாக அந்த பஸ் வந்தது.

நிகழ்ச்சித் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நாட்டோட வரலாறுய்யா இது! நாளைக்கு ஸ்கூல்ல போட்டுக் காட்டுவாங்க. எங்கேருந்து எடுத்தே இதை?”

கணீர் எழுந்து நின்றான். கையிலிருந்த ஃபைலைப் பிரித்தான், பிறகு மூடிவிட்டான்.

“நம்ம பழைய படச்சுருள் அறையிலேருந்துதான் சார். நான் சரிபார்த்திருக்கணும். தப்பு என்னுது.”

“குறை சொல்லணும்னு நான் சொல்லலை” என்று ஆரம்பித்தாள் துல்லியம்மா. “சின்னப் பையன், வேகம் ஜாஸ்தி. ஆனா ஒரு சுருளை ஒழுங்கா பார்க்காதவன் கையில நாட்டோட கதையைக் குடுக்கலாமா? நீங்களே சொல்லுங்க.”

தலைவர் சொல்லிவிட்டார். மூன்றாம் பாகத்திலிருந்து தொடர் துல்லியம்மாவுக்கு. அதே ஞாயிறு, அதே சாயங்காலம்.

வயிறு குளுகுளுவென்று ஆனது.

வராந்தாவில், சுருள் அறைப் பக்கமிருந்து கணீர் எதிரே வந்தான். “வாழ்த்துகள் மேடம். நான் பத்து தடவை பார்த்திருப்பேன், அந்த பஸ் கண்ணுலயே படலை. உங்க கண்ணே கண்ணு.”

என்னமாய் நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டே அவள் நேராகச் சுருள் அறைக்குப் போனாள். முப்பது வருடமாக அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர் எழுந்து நின்றார்.

“அந்த ஊர்வலச் சுருளோட அட்டையை எடுங்க. தப்பா எழுதியிருக்கு. இன்னிக்கே மாத்தணும்.”

“நீங்க எதுக்கு மேடம், நானே மாத்திடறேன்.”

“எந்த அரைகுறை எழுதினதுன்னு நானும் தெரிஞ்சுக்கறேன். எடுங்க.”

அவர் தயங்கித் தயங்கி அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

‘விடுதலை நாள் ஊர்வலம். பார்த்து உறுதி செய்யப்பட்டது.’

கீழே அவள் கையெழுத்து.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு வருடம் இந்த அறையில் உட்கார்ந்து, பெட்டி பெட்டியாகச் சுருள் பார்த்து அட்டை எழுதியிருக்கிறாள். இந்தச் சுருள் நினைவில் இல்லை. ஆனால் கையெழுத்து அவளுடையதுதான். அடியில் இழுத்த கோடுகூட.

துல்லியம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“இது அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? இதோட நகலை அவர் ஃபைல்லயே வெச்சிருந்தாரே. இப்போ வந்தப்ப நான்தான் சத்தம் போட்டேன், மீட்டிங்ல அதை எடுத்துக் காட்டியிருந்தா தப்பிச்சிருக்கலாமேன்னு. ‘காட்டினா, அவங்க எழுதின மத்த அட்டை ஒண்ணையும் அப்புறம் யாரும் நம்ப மாட்டாங்க’ன்னு சொல்லிட்டுப் போறார்.”

 அவள் அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“எங்கே மேடம்?”

“மேலே. தலைவர்கிட்ட.”

வாசல் வரை போனவள் நின்றாள். மனசில் இன்னும் ஒரு முள் மிச்சமிருந்தது.

“இருந்தாலும், அட்டையில எழுதியிருந்தா அப்படியே எடுத்துக்கறதா? அவனும் ஒரு தடவை சரிபார்த்திருக்க வேண்டாமா?”

“அதையும் கேட்டேன் மேடம். மத்தவங்க எழுதின அட்டைன்னா மூணு தடவை சரிபார்ப்பாராம். இது துல்லியம்மா கையெழுத்தாச்சேன்னு விட்டுட்டாராம்.”